பித்தநாளம் குறுகியிருந்தால் அது புற்றுநோய்தானா?

ஈரல் வாயிலில், அதாவது பித்தத்தைச் சுமக்கும் பித்தநாளக் கிளைகள் கல்லீரலை விட்டு வெளியே வரும் இடத்தில், புற்றுநோய் என்று முடிவுசெய்து கல்லீரலில் பாதியை எடுக்கிறார்கள். எடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றுச்செல் ஒன்றுகூட இல்லை. பெரிய அறுவைசிகிச்சை மையங்கள் வெளியிட்ட கணக்குகளைப் பார்த்தால், இந்த அறுவைக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படி நேர்ந்திருக்கிறது. சில மையங்களில் அதற்கும் மேல். இது சின்ன அறுவையும் அல்ல. பித்தநாளத்தோடு கல்லீரலின் ஒரு பக்கத்தையும் வால்மடலையும் சேர்த்து எடுக்க வேண்டும். மேலைநாட்டு மையங்களிலேயே 90 நாளுக்குள் இறப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருக்கிறார்கள்.

புற்றுநோய் இல்லாத அந்தத் துண்டுகளில் இருந்தவை அழற்சியும் தழும்பும். அவற்றில் ஒரு பெரும் பங்குக்கு இன்று பெயர் இருக்கிறது: ஐஜிஜி4 பித்தநாள அழற்சி. ஐஜிஜி4 என்பது ரத்தத்திலுள்ள ஓர் எதிர்ப்புப் புரதம். உடலின் எதிர்ப்புச் செல்களே பித்தநாளச் சுவரில் வந்து குவிந்து அதைத் தடிக்கவைக்கும் தன்னெதிர்ப்பு நோய் இது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் சில வாரங்களில் இளகத் தொடங்கும்.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கிறது. உண்மையான புற்றுநோயை அழற்சி என்று நம்பி இரண்டு மூன்று மாதம் ஸ்டீராய்டு கொடுத்துக் காத்திருந்தால், அதற்குள் கட்டி ஈரல் தமனியையோ, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையையோ பற்றிக்கொண்டு வெட்டி எடுக்க முடியாத நிலைக்குப் போய்விடக்கூடும். ஒரு பக்கம் தேவையில்லாமல் போகும் பாதிக் கல்லீரல், மறுபக்கம் கைநழுவும் ஒரே வாய்ப்பு. இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒற்றைப் பரிசோதனை கிடையாது. இருக்கும் பரிசோதனைகளை எந்த வரிசையில் செய்கிறோம், ஒவ்வொன்றும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஏன் இத்தனை ஒற்றுமை

இரண்டு நோயும் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில் வருகின்றன. இரண்டிலும் வலி இல்லாமலே கண் மஞ்சளாகும், சிறுநீர் அடர்ந்து போகும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும், எடை குறையும். ஸ்கேனில் முதல் பார்வைக்கு இரண்டும் ஒரே படத்தைத்தான் காட்டும்: குறுகிய ஓர் இடம், அதற்கு மேலே விரிந்த கிளைகள்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2008-இல் வெளியிட்ட 53 நோயாளிகளின் கணக்கு இதற்கு நல்ல சான்று. ஐஜிஜி4 அழற்சி உறுதியான அந்த 53 பேரில் 85 விழுக்காட்டினர் ஆண்கள், சராசரி வயது 62. நான்கில் மூன்று பேருக்கு மேல் அடைப்புக் காமாலையோடுதான் வந்தார்கள். இந்த விவரங்களில் புற்றுநோயை விலக்கும்படியாக ஒன்றுமில்லை. ஆனால் அதே கணக்கில் இன்னோர் எண் இருக்கிறது: 92 விழுக்காட்டினருக்குக் கணையத்திலும் அதே அழற்சி இருந்தது. பிரித்தறியும் வழி அந்த எண்ணில்தான் திறக்கிறது.

நோயின் வரலாறும் கணையத்தில் தொடங்கியதுதான். 1995-இல் ஜப்பானின் யோஷிதா குழுவினர் தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி என்ற பெயரை முன்வைத்தார்கள். 2001-இல் மட்சுமோட்டோ நகரின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹமானோவும் உடன் உழைத்தோரும், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஐஜிஜி4 மிகுதியாக இருப்பதைக் காட்டினார்கள். 2003-இல் டோக்கியோவின் கமிசாவா, இது கணையத்தோடு நிற்கும் நோய் அல்ல, பித்தநாளம், உமிழ்நீர்ச் சுரப்பி எனப் பல உறுப்புகளில் ஒரே மாதிரியான செல்கள் குவியும் முழு உடல் நோய் என்றார். புற்றுநோய்க்கு இந்தப் பரவல் முறை இல்லை. பித்தநாளப் புற்றுநோய் கல்லீரலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் வயிற்று உறைக்கும் பரவும். தாடைக்குக் கீழே இரு பக்கமும் சுரப்பிகளைச் சமமாக வீங்கவைக்காது.

நான்கு வடிவங்கள், நான்கு வேறு சந்தேகங்கள்

நகோயா நகரப் பல்கலைக்கழகத்தின் நகசாவா, குறுகல் எங்கே இருக்கிறது என்பதை வைத்து இந்த அழற்சியை நான்கு வகையாகப் பிரித்தார். நடைமுறையில் இது மிகவும் உதவும். எந்த நோயோடு குழம்புவோம் என்பதை வகையே சொல்லிவிடுகிறது.

முதல் வகையில் நாளத்தின் கீழ்ப்பகுதி, அதாவது கணையத்தின் தலைக்குள் ஓடும் பகுதி மட்டும் குறுகியிருக்கும். கணையப் புற்றுநோயோடும் கீழ்ப்பித்தநாளப் புற்றுநோயோடும் குழம்பும் வகை இது. இரண்டாம் வகையில் கல்லீரலுக்கு உள்ளும் வெளியும் பரவலாகக் குறுகல்கள் இருக்கும். அப்போது எழும் சந்தேகம் வேறு: முதன்மைத் தழும்புறு பித்தநாள அழற்சியா என்பது. அந்த நோய் பெரும்பாலும் முப்பது நாற்பது வயதில் வரும், பலருக்குப் பெருங்குடல் அழற்சியும் கூட இருக்கும், பித்தநாளம் மணிகள் கோத்ததுபோல் தெரியும், ஸ்டீராய்டுக்குப் பணியாது. மூன்றாம் வகையில் ஈரல் வாயிலிலும் கீழ்ப்பகுதியிலும் இரண்டு இடத்தில் குறுகல். நான்காம் வகையில் ஈரல் வாயிலில் மட்டும்.

கடைசி இரண்டும்தான் ஈரல் வாயில் புற்றுநோயோடு கலந்துபோகின்றன. 1965-இல் கிளாட்ஸ்கின் என்ற மருத்துவர் விவரித்ததால் அந்தப் புற்றுநோய் அவர் பெயரிலேயே வழங்குகிறது. மூன்றாம் வகைக்கு ஒரு வசதி உண்டு. ஒன்றையொன்று தொடாத இரண்டு தனிக் குறுகல்கள் ஒரே கட்டியால் வருவது அரிது. நான்காம் வகையில் கணையமும் இயல்பாக இருந்துவிட்டால் அதுவே எல்லாவற்றிலும் கடினமான நிலை. தவறான அறுவைகளுக்கு ஆளாகும் வகையும் இதுதான்.

முதலில் படம், பிறகு ஸ்டென்ட்

காமாலை அதிகமாக இருந்தால் உடனே ஈ.ஆர்.சி.பி. செய்து, அதாவது வாய்வழியே கருவி செலுத்திப் பித்தநாளத்தை அடைந்து, அடைப்பைத் திறந்துவைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட் வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் காய்ச்சல், குளிர் நடுக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று சீழ்த்தொற்றின் அறிகுறி இருந்தாலொழிய அந்த அவசரம் தேவையில்லை. ஸ்டென்ட் நுழைந்தவுடன் நாளத்தின் சுவர் உரசலாலும் கிருமியாலும் தடிக்கும். அதன்பின் எடுக்கும் சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எது நோயின் தடிப்பு, எது ஸ்டென்ட்டின் தடிப்பு என்று பிரிக்க முடியாது. விரிந்திருந்த கிளைகளும் வடிந்து சுருங்கிவிடும். ஆகவே மூன்று கட்டமாக எடுத்த காண்ட்ராஸ்ட் சி.டி.யும், பித்தநாளங்களைப் படமாக்கும் எம்.ஆர்.சி.பி.யோடு கூடிய எம்.ஆர்.ஐ.யும் முதலில் முடிந்திருக்க வேண்டும். ரத்த மாதிரியும் அப்போதே எடுக்கப்பட வேண்டும், ஸ்டீராய்டின் முதல் மாத்திரைக்கு முன்பே.

படத்தில் பார்க்க வேண்டியவை இவை. அழற்சியில் சுவர் வட்டம் முழுவதும் ஒரே சீராகத் தடித்திருக்கும். உள்விளிம்பும் வெளிவிளிம்பும் வழவழப்பாக இருக்கும். இவ்வளவு தடித்தும் நடுவே துளை இன்னும் தெரியும். புற்றுநோயில் தடிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், விளிம்பு ஒழுங்கற்றிருக்கும், துளை சட்டென்று வெட்டியதுபோல் முடியும். கல்லீரலின் ஒரு மடல் சுருங்கியிருப்பதும், போர்ட்டல் சிரை ஒரு பக்கம் கட்டியால் நெருக்கப்பட்டிருப்பதும் புற்றுநோயின் பக்கம் எடையைக் கூட்டும். ஆனால் அழற்சியும் சில சமயம் சிரையை நெருக்கும். அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

அதே படத்தில் பித்தநாளத்தை விட்டு வெளியே வந்து பார்க்க வேண்டும். கணையம் தன் மடிப்புகளை இழந்து சாஸேஜ்போல் உருண்டு நீண்டிருக்கிறதா, அதைச் சுற்றி உறைபோல் ஒரு மெல்லிய வளையம் தெரிகிறதா? சிறுநீரகங்களில் ஆப்பு வடிவில் மங்கிய திட்டுகள் உண்டா? மகாதமனியைச் சுற்றித் திசு தடித்திருக்கிறதா? ரேடியாலஜி அறிக்கையில் ஈரல் வாயிலைப் பற்றி அரைப் பக்கமும் மற்ற உறுப்புகளுக்கு ஒரே வரியும் எழுதப்பட்டிருந்தால், படத்தைத் திரும்பத் திறந்து பார்க்கச் சொல்வது நல்லது. பெட் ஸ்கேன் இந்தக் கேள்விக்கு நேரடி விடை தராது, அழற்சியும் புற்றுநோயும் இரண்டுமே அதில் ஒளிரும். உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம், மகாதமனி என்று எதிர்பாராத இடங்களில் ஒளிர்ந்தால் மட்டும் அது பயனுள்ள துப்பு.

நோயாளியிடம் கேட்க வேண்டியதும் இதை ஒட்டியதே. வாய் உலர்கிறதா, இமையின் வெளிமுனை வீங்கியிருந்ததா, ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உண்டா, முன்பு எப்போதாவது சிறுநீர்க்குழாய் அடைபட்டு ஸ்டென்ட் வைத்தார்களா. முன்னொரு முறை கணையத்தில் கட்டி என்று அறுத்து, கடைசியில் சாதாக் கட்டி என்று சொல்லியிருந்தால், அந்த மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில் மெழுகில் பதித்த துண்டு இன்னும் இருக்கக்கூடும். அதை வாங்கி ஐஜிஜி4 சாயம் ஏற்றிப் பார்த்தால், புதிதாக ஊசி குத்தாமலே விடை கிடைத்துவிடலாம்.

ரத்தத்தில் ஐஜிஜி4: எவ்வளவு என்பதுதான் கேள்வி

ஐஜிஜி என்னும் எதிர்ப்புப் புரதத்தின் நான்கு துணைவகைகளில் மிகக் குறைவாக இருப்பது ஐஜிஜி4. மொத்தத்தில் 5 விழுக்காட்டுக்கும் கீழே. பெரும்பாலான ஆய்வகங்களில் உச்ச வரம்பு டெசிலிட்டருக்கு 135 அல்லது 140 மில்லிகிராம். சில அறிக்கைகள் லிட்டருக்குக் கிராமில் வரும், அங்கே 1.35 என்றால் இதே 135தான்.

வரம்பைத் தாண்டியவுடன் இது தன்னெதிர்ப்பு நோய்தான் என்று நிம்மதியடைவது ஆபத்து. மேயோ கிளினிக் 2011-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், பித்தநாளப் புற்றுநோய் உள்ள 126 பேரில் 13.5 விழுக்காட்டினருக்கு ஐஜிஜி4 உயர்ந்தே இருந்தது. மறுபுறம், அழற்சி உறுதியான 50 பேரில் 22 விழுக்காட்டினருக்கு அது இயல்பாக இருந்தது. வரம்பின் இரு மடங்கைத் தாண்டிய புற்றுநோயாளிகள் மிகச் சிலரே. நான்கு மடங்கை, அதாவது 560-ஐத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. ஆக 160 என்ற எண் எதையும் தீர்மானிக்காது, 700 என்ற எண் ஏறக்குறைய தீர்மானித்துவிடும். இடையில் 140 முதல் 280 வரை உள்ள சாம்பல் பகுதிக்கு ஆம்ஸ்டர்டாம் குழு ஒரு வழி சொன்னது: ஐஜிஜி4-ஐ ஐஜிஜி1-ஆல் வகுத்து 0.24-க்கு மேல் வருகிறதா என்று பார்ப்பது. ஆனால் அவர்கள் அதை அளந்து பார்த்தது முதன்மைத் தழும்புறு அழற்சியோடு ஒப்பிட்டு. புற்றுநோயை விலக்க அதை நம்பக் கூடாது.

ஆய்வகத்தில் ஒரு மறைகுழி உண்டு. ஐஜிஜி4 மிதமிஞ்சி இருக்கும் மாதிரியில், அளவிடும் வேதிவினை திணறிப்போய் எண்ணைக் குறைத்துக் காட்டும். படங்கள் எல்லாம் அழற்சியைச் சொல்லும்போது எண் மட்டும் இயல்பாக வந்தால், மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும்.

புற்றுநோய்க்கு அடையாளமாக ரத்தத்தில் அளக்கும் சி.ஏ. 19-9 பற்றி இரண்டு வார்த்தை. இதன் இயல்பு வரம்பு மில்லிலிட்டருக்கு 37 அலகு. பித்தம் அடைபட்டாலே, கிருமி ஏறினாலே, இது நூற்றுக்கணக்கில் ஏறும். அடைப்பை வடித்து, காமாலையை உண்டாக்கும் மஞ்சள் பொருளான பிலிரூபின் இறங்கிய பின்னும் இறங்காமல் நின்றால்தான் கவலை. மக்களில் 5 முதல் 10 விழுக்காட்டினரின் உடல் மரபு காரணமாக இந்தப் பொருளை உற்பத்தியே செய்யாது. அவர்களுக்குப் புற்றுநோய் முற்றினாலும் எண் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும்.

திசுத் துண்டு சொல்வதும் சொல்லாததும்

ஈ.ஆர்.சி.பி. வழியாகப் பிரஷ்ஷால் செல்களைத் தேய்த்தெடுக்கலாம், இடுக்கியால் சிறு துண்டு கிள்ளலாம். புற்றுச்செல் கிடைத்தால் அது ஏறத்தாழ முடிந்த முடிவு. கிடைக்காவிட்டால் எதுவும் முடியவில்லை. பிரஷ் மட்டும் செய்தால் புற்றுநோய் உள்ளவர்களில் பாதிப் பேரைக்கூடக் கண்டுபிடிக்காது, இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 60 விழுக்காடு. பித்தநாளப் புற்றுநோய் தழும்புத் திசுவுக்குள் சிதறிக் கிடப்பது, கிள்ளும் இடுக்கி மேற்பரப்பைத் தாண்டாதது, இரண்டும் காரணம். பயாப்ஸியில் கேன்சர் இல்லை என்று அறிக்கை வந்ததும் குடும்பமே பெருமூச்சு விடுவதைப் பார்க்கிறோம். இந்த நோயில் அந்த வரிக்கு அவ்வளவு வலிமை கிடையாது. அழற்சிதான் என்று நேரடியாக நிறுவும் சான்று வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

அந்தச் சான்று எப்படி இருக்கும்? நுண்ணோக்கியில் மூன்று அடையாளங்கள். லிம்ஃபோசைட், பிளாஸ்மா செல் என்னும் எதிர்ப்புச் செல்களின் அடர்ந்த குவியல். கோரைப்பாய் முடைந்ததுபோல் சுழன்று பின்னிய தழும்பிழைகள். அழற்சியால் அடைபட்ட சிறு சிரைகள். இவற்றோடு ஐஜிஜி4 சாயம் ஏற்ற பிளாஸ்மா செல்களை எண்ணுகிறார்கள். கிள்ளியெடுத்த துண்டில் உயர்பெருக்கப் பார்வைப்புலம் ஒன்றுக்குப் பத்துக்கு மேல், அறுவையில் எடுத்த நாளத்தில் ஐம்பதுக்கு மேல், ஐஜிஜி சாயம் ஏற்ற செல்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஐஜிஜி4 வகை. எண்ணிக்கை மட்டும் போதாது. புற்றுநோயைச் சுற்றியும் இந்தச் செல்கள் கூடும். அதனால் எண்ணோடு மற்ற அடையாளங்களும் சேர வேண்டும். சிரையையும் பாய்முடைச்சலையும் பார்க்க இடுக்கித் துண்டு பெரும்பாலும் போதாது என்பதுதான் சங்கடம். பித்தநாளம் சிறுகுடலில் திறக்கும் முனையிலிருந்து ஒரு துண்டு எடுப்பது எளிது, ரத்தக்கசிவும் குறைவு. கணையத் தலையும் பாதிக்கப்பட்டவர்களிடம் அங்கே ஐஜிஜி4 செல்கள் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நாளத்துக்குள்ளேயே நுழையும் அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும் இடங்களில் அது பெரும் உதவி. குறுகாமல் இயல்பாகத் தோன்றும் பகுதியில் சுவரின் தடிப்பை அளக்க வேண்டும். அங்கேயே 0.8 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அழற்சியின் பக்கம் சாய்கிறது என்று நகோயா குழுவினர் 2009-இல் காட்டினார்கள். நோய் சுவர் நெடுகப் பரவியிருக்கிறது, ஓரிடத்தில் முளைத்த கட்டி அல்ல என்பதுதான் அதன் பொருள். இதையும் ஸ்டென்ட் வைக்கும் முன் அளக்க வேண்டும்.

வெளியிலிருந்து வயிற்றின் வழியே ஈரல் வாயிலுக்கு ஊசி குத்தி எடுக்கும் பயாப்ஸியை மட்டும் அவசரப்பட்டுச் செய்துவிடக் கூடாது. புற்றுநோயாக இருந்தால் ஊசியின் பாதையில் செல்கள் சிந்தி முளைக்கக்கூடும். கல்லீரல் மாற்று சிகிச்சைக்குத் தகுதியுள்ள நோயாளி அந்த ஒரு குத்தலால் தகுதியை இழப்பார்.

ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாமா

கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் கண்டிப்பான வரம்புக்குள். புற்றுச்செல் தேடும் வேலை முடிந்திருக்க வேண்டும். அழற்சியை நேரடியாகச் சுட்டும் ஒரு சான்றாவது கையில் இருக்க வேண்டும்: கணைய மாற்றம், வேறு உறுப்பு, மிக உயர்ந்த ஐஜிஜி4. எதுவும் புரியவில்லை, ஸ்டீராய்டு போட்டுப் பார்ப்போம் என்பது சோதனை அல்ல, தள்ளிப்போடுதல். சியோலில் ஒரு குழு 2008-இல் இதை ஒழுங்காகச் செய்து காட்டியது. முதல்கட்டப் பரிசோதனையில் புற்றுநோய் தென்படாத, கணையக் கட்டியுள்ள 22 பேருக்கு இரண்டு வாரம் ஸ்டீராய்டு கொடுத்து மறுபடி படம் எடுத்தார்கள். 15 பேருக்குக் கரைந்தது, எல்லோருக்கும் தன்னெதிர்ப்பு நோய். மற்ற 7 பேருக்குக் கரையவில்லை, எல்லோருக்கும் புற்றுநோய். கணையத்தில் கிடைத்த இந்தத் தெளிவு பித்தநாளத்தில் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை என்றாலும், குறிப்பிட்ட நாளில் நின்று படத்தை வைத்து முடிவெடு என்ற ஒழுங்கு அப்படியே பொருந்தும்.

ஜப்பானிய முறையில் பிரெட்னிசோலோன் உடல் எடையில் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 35. அமெரிக்க மையங்களில் நாளுக்கு 40 மில்லிகிராம். தொடங்கும் முன் அடைபட்ட பித்தம் வடிக்கப்பட்டு, கிருமித்தொற்று அடங்கியிருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி, காசநோய் இரண்டுக்கும் சோதித்திருக்க வேண்டும். நம் நாட்டில் இதைத் தாண்டிப் போவது மன்னிக்க முடியாத கவனக்குறைவு. கணையம் ஏற்கெனவே கெட்டிருப்பதால் சர்க்கரை எகிறும், அதற்கும் ஏற்பாடு வேண்டும்.

இரண்டாம் வாரமும், தேவையானால் நான்காம் வாரமும் எம்.ஆர்.சி.பி. எடுத்து ஒப்பிடுவதுதான் தீர்ப்பு. பசி எடுக்கிறது, தெம்பு வந்திருக்கிறது என்பது தீர்ப்பு அல்ல. ஸ்டீராய்டு யாருக்கும் அதைத் தரும். பிலிரூபின் இறங்கியது ஸ்டென்ட்டின் வேலையாக இருக்கலாம். ஐஜிஜி4 இறங்குவதும் சான்று இல்லை. ஸ்டீராய்டு எந்த நோயிலும் அதை இறக்கும். குறுகிய நாளம் திறந்ததா, சுவர் மெலிந்ததா, இந்த இரண்டு மட்டுமே கணக்கு. கட்டியைச் சுற்றிய வீக்கம் வடிவதால் புற்றுநோயிலும் லேசான முன்னேற்றம் தெரியும். ஆகவே அரைகுறை முன்னேற்றத்தை முன்னேற்றமின்மையாகவே எடுத்துக்கொண்டு மறுபடி திசு எடுக்க வேண்டும், அறுவைக் குழுவோடு பேச வேண்டும். பல ஆண்டு முற்றித் தழும்பாகிவிட்ட அழற்சியும் ஸ்டீராய்டுக்கு அசையாமல் இருக்கும். அப்படிப்பட்ட சிலருக்கு, எல்லாம் செய்து பார்த்த பின், அறுவையே விடையைத் தரும். அதைத் தவறு என்று சொல்ல முடியாது.

நாளம் திறந்துவிட்டால் மாத்திரையை ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு 5 மில்லிகிராம் வீதம் குறைக்கிறார்கள். முழுதும் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். மேயோவின் 2008 கணக்கில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத் திரும்பியது. அதனால் ஜப்பானில் குறைந்த அளவு மாத்திரையை மூன்றாண்டு வரை தொடர்கிறார்கள். நோய் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு, எதிர்ப்புச் செல்களை ஒடுக்கும் மருந்தான ரிடுக்ஸிமாப் 1000 மில்லிகிராம் வீதம் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை கொடுப்பது வழக்கம். 2025 ஏப்ரலில் இனெபிலிஸுமாப் என்ற மருந்து ஐஜிஜி4 நோய்க்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

திரும்பி வரும் ஒவ்வொரு குறுகலையும் பழைய நோயின் தொடர்ச்சி என்று தானாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டீராய்டு அளவை ஏற்றும் முன் ஒரு முறை எம்.ஆர்.சி.பி., ஒரு முறை பிரஷ், பழைய படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பீடு. முன்பு நன்றாகத் திறந்திருந்த இடம் இப்போது ஒரு பக்கமாகத் தடித்திருந்தால், முதல் நாள் எழுப்பிய அதே கேள்வியை முதலிலிருந்து எழுப்ப வேண்டும்.